நங்கூரம் அண்ணாச்சியும் சொன்ன பேச்சுக் கேட்காத கொடியும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் பாதியையாவது பத்திரமாகக் கரை சேர்த்தவர் எங்கள் பக்கத்து வீட்டு நங்கூரம் அண்ணாச்சி. மலை மாதிரிக் கப்பல்களெல்லாம் அவர் பேச்சைக் கேட்டன. ஒரு கொடிதான் கேட்கவில்லை.

இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ஒருமுறை வெளிநாட்டுக் கேப்டன் ஒருவர் தன் வீட்டுப் படத்தைப் போனில் காட்டினாராம். சுவரே தெரியாமல் படர்ந்த பச்சைக் கொடி. நடுவே கதவும் ஜன்னலும் எட்டிப் பார்த்தன. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கொடைக்கானல் போனவர், ‘ஐவி’ என்று சொல்லி விற்ற கன்றை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினார்.

நான் அன்றே பயப்படத் தொடங்கினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற சந்துதான். கொடி வந்தால் பாம்பு வரும். வேர் இறங்கினால் சுவர் போகும். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பயப்படுவதற்கு அந்தப் படிப்பே போதும்.

கொடி உயர்ந்தது, சுவரைப் பிடிக்க மட்டும் மாட்டேன் என்றது. அண்ணாச்சியுடையது அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லால் கட்டிய வீடு. சுவரில் உப்புப் பூக்கும், தொட்டால் விரல் வெளுக்கும். உப்புப் போனால் கொடி பிடிக்கும் என்று சுவரைக் குளிப்பாட்டத் தொடங்கினார். அதுவும் நல்ல தண்ணீரில்.

குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். அண்ணாச்சி வாளி வாளியாகச் சுவருக்குச் சுமப்பார்.

“தொண்டைக்கே இல்லாத தண்ணிய செவத்துக்கு ஊத்துதியளே அண்ணாச்சி,” என்றாள் எதிர்வீட்டுச் செல்வி.

“என் பங்கத்தானம்மா ஊத்துதேன். நான் போர் தண்ணியிலதான குளிக்கேன்.”

உண்மைதான். குளித்துக் காய்ந்தால் அவர் முதுகிலும் உப்புப் பூத்திருக்கும்.

அடுத்து கொடிக்குக் கயிறு கட்டினார். விசில் ஊதி, கை காட்டி, “மெதுவா வா. இடப்பக்கம். லேசா. அப்படியே அணைஞ்சிரு,” என்பார். நுனி காற்றில் ஆடும். “இன்னைக்குக் காத்து சரியில்லலே,” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அவர் மனைவி ரெஜினா அக்கா ஒருநாள் தவணை வைத்தார். “கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்க ஆள் வாரான். அதுக்குள்ள ஒட்டலன்னா பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுருவேன், பாத்துக்கிடும்.”

அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். ஒட்டினால் பாம்பு, ஒட்டாவிட்டால் இந்த மனிதர் உடைந்து போவார்.

வெள்ளையடிப்பவர் ஏணியோடு வந்த காலையில் ரெஜினா அக்கா கொடியைப் பிடித்து இழுத்தார். பாதிக்கொடி கயிற்றோடு சர்ரென்று வந்துவிட்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மேல்பாதி வரவில்லை. இன்னும் ஓர் இழுப்பு, அசையவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

காற்று நுனியைச் சந்துக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. என் வீட்டு சிமெண்டுச் சுவரில், மாடி உயரத்தில், குட்டிக் குட்டி வேர்களால் கொடி கெட்டியாகப் பிடித்திருந்தது. அண்ணாச்சி தன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவர் ஊதிய விசிலில் தெரு கூடிவிட்டது. “புடிச்சிட்டுலே. நங்கூரம் போட்டுட்டு.”

“யாரு செவத்துல?” என்றார் ரெஜினா அக்கா.

வெள்ளையடிப்பவர் சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “உங்க செவருதான? சொரண்டிரட்டுமா?”

அண்ணாச்சியின் விசில் உதட்டிலேயே நின்றது. பாம்பு, பூரான், வெடிப்பு, இடிந்த சுவர் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து போயின.

“கெடக்கட்டும்,” என்று சொன்னது என் வாய்தான்.

இப்போது என் சுவர் முழுக்கப் பச்சை. அண்ணாச்சி தினமும் காலையில் விசிலும் வாளியுமாக வந்துவிடுகிறார். நான் தினமும் மூன்று வேளை பாம்பு தேடுகிறேன்.

போன மாதம் மகனைப் பார்க்க அவர் பெங்களூரு போய் வந்தார். பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் போர் தண்ணீரில்தான் குளித்தேன்.