தகராறைத் தீர்த்து வைத்த விதம், இருநூற்றைம்பது சொல்லுக்குள்

மதிப்புக்குரிய மகேஸ்வரன் அத்தானுக்கு,

வோபர்னிலிருந்து உங்கள் மைத்துனன் அன்புராசா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். நீங்களும் யோகமலர் அக்காவும் மில்லிக்கனில் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை நான்கு வருடமாகப் பொதுவான ஆட்களிடம் கேட்டு அறிந்து வருகிறேன். கதைபேச்சு இல்லாமல் இருந்தவன் திடீரென்று கடிதம் எழுதுவதற்குக் காரணம் பாசம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காரணம் ஓர் அரசாங்க வேலை.

மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கியதில் என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. "இனி இருந்து செய்யிற வேலை ஏதும் பாருங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புப் பார்க்கும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். இருக்கக் கதிரை உண்டு, பென்சனும் உண்டு. ஐம்பத்துநான்கு வயதில் இதை விட்டால் எனக்கு வேறொன்று வரப்போவதில்லை. ஆனால் படிப்பையும் அனுபவத்தையும் கேட்டதோடு அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு கதை எழுத வேண்டுமாம். எங்கே, எப்போது, நீ என்ன செய்தாய், என்ன பலன் கிடைத்தது, எல்லாம் இருநூற்றைம்பது சொல்லுக்குள். கதை உண்மை என்று சொல்ல ஒரு சாட்சியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேறு.

நூலகத்தில் இதற்கெல்லாம் உதவி செய்கிற தனுஷிகா என்ற பிள்ளையிடம் சனிக்கிழமைகளில் போனேன். முதல் கதை, நெருக்கடியில் வேலையை முடித்தது. "கடவுள் புண்ணியத்தில், எல்லாருடைய ஒத்துழைப்போடும் நல்லபடியாக முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளை வாசித்துவிட்டு, "அங்கிள், கடவுள் செய்தது இருக்கு, மற்ற ஆக்கள் செய்தது இருக்கு. நீங்கள் என்ன செய்தனீங்கள்? அவையள் இன்டர்வியூவுக்குக் கடவுளைக் கூப்பிடப் போறேல்லை" என்றாள். எல்லாம் நானே செய்தேன் என்று எழுதக் கை கூசியது. எழுதினேன். அடுத்தது, விட்ட பிழையும் அதிலிருந்து கற்ற பாடமும். பிழை ஒன்றும் விடவில்லை என்று எழுதினேன். அது செல்லாதாம். வீட்டுக்கு வந்து மங்கையற்கரசியிடம் கேட்டேன். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருடம், தேத்தண்ணி ஆறுவதற்குள் பதினொரு பிழை சொன்னா. எதை எழுதுவது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்து பன்னிரண்டாவதும் சேர்ந்தது.

கடைசிக் கதையில்தான் நீங்கள் வருகிறீர்கள். ஒருவருடன் ஏற்பட்ட தகராறைத் தீர்த்து வைத்த விதம்.

"ஆரோடையாவது கொளுவுப்பட்டிருப்பியள்தானே அங்கிள்?"

"ஓம், அத்தானோட."

"எப்பிடித் தீர்த்தனீங்கள்?"

"தீர்க்கேல்லை. நாலு வருஷமாக் கதைக்கிறேல்லை."

"ஐயோ, முடிவில்லாமல் அனுப்பேலாது அங்கிள். ஒரு முடிவோட வாங்கோ" என்றாள். போய்ச் சமாதானமாகி வரத்தான் அவள் சொன்னாள், நான் செய்தது வேறு. முடிவை நானே கற்பனையில் கட்டினேன்.

உங்கள் மகள் அட்சயா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டன்று பனி கொட்டி, 401 நெடுஞ்சாலையில் நான் பட்டு வேட்டியோடு சிக்கி நின்றதையும், தாய்மாமன் நான் உடைக்க வேண்டிய தேங்காயை உங்கள் சிநேகிதர் ஒருவர் உடைத்திருந்ததையும், நான் சாப்பிடாமல் திரும்பியதையும் எழுதினேன். மற்றப் பக்கத்தின் நியாயத்தையும் எழுத வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அதையும் எழுதினேன். ஐயருக்கு அடுத்த மண்டபத்தில் வேலை இருந்தது. நாற்பது நிமிடம் அவரை நீங்கள் மறித்து வைத்திருந்தீர்கள். ஆறு தரம் எனக்குப் போன் எடுத்தீர்கள், பிந்திவிட்ட வெட்கத்தில் நான்தான் பதில் சொல்லவில்லை. உங்கள் நியாயம் நாற்பத்தாறு சொல்லில் முடிந்தது. அதை வாசித்துப் பார்த்தபோது என் பக்கத்தில் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. பிழை என்னுடையதுதான், அத்தான். அக்கா வீட்டுக்கு நான் வராமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இது விண்ணப்பத்துக்குப் போதவில்லை. ஆகவே பலன் என்ற இடத்தில், நான் நேரில் வந்து உங்களோடு பொறுமையாகப் பேசியதாகவும், இப்போது இரண்டு குடும்பமும் மாதம் ஒருமுறை ஒன்றாகச் சாப்பிடுவதாகவும் எழுதிவிட்டேன். சாட்சியாக உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கிழமை உங்களை அழைப்பார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், இடியப்பம் என்று எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கும் அட்சயாவுக்கும் என் அன்பைச் சொல்லவும். பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் மறதியையும் தருவாராக.

இப்படிக்கு,
மைத்துனன் அன்புராசா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது அந்த அலுவலகத்திலிருந்தே ஒரு பெண் அழைத்தாள். என் விண்ணப்பத்தைப் பற்றி அல்ல. மகேஸ்வரன் என்பவர் தன் விண்ணப்பத்தில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறாராம். மைத்துனனுடன் இருந்த தகராறை, அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்ததாக எழுதியிருக்கிறாராம். உண்மையா என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை, அத்தான். அந்த ஆள் நான்கு வருடமாக என் வாசற்படி மிதித்ததில்லை என்று சொன்னேன். இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் பேசிய ஆங்கிலம் அதுதான். போனை வைத்த பிறகுதான், நீங்களும் அதே வேலைக்கு, அதே நூலகப் பிள்ளையிடம் போயிருக்கிறீர்கள் என்பது விளங்கியது. உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டேன். எனக்காக நீங்கள் ஓம் சொல்ல வேண்டாம். இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வாசலில் நிற்கிறேன். வாசித்து முடிந்ததும் திறவுங்கோ. வெளியில் மைனஸ் பதினாறு.