குருவித் தலைக்குள் ஒரு விரல் சிலை

கட்டைவிரல் அளவே உள்ள ஒரு குருவியின் தலைக்குள் எண்ணூறு பேர் வாழும் நாடு ஒன்று இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அது குருவி. உள்ளே இருப்பவர்களுக்குத் தாய்நாடு.

அந்த நாட்டுக்குத் தொழில் ஒன்றுதான்: பாட்டு. எண்ணூறு பேரும் வளைந்து போகும் ஒரே தெருவில் வரிசையாக நிற்பார்கள். பின்னால் நிற்பவர் தோளில் தட்டியதும் ஒரே ஒரு முறை கூவ வேண்டும். கூவிய கையோடு முன்னால் நிற்பவரைத் தட்ட வேண்டும். அத்தோடு அந்தப் பாட்டில் அவருடைய பங்கு முடிந்தது. ஆசைப்பட்டு இன்னொரு முறை கூவுகிறவர்களையும் முறை வருமுன் முந்துகிறவர்களையும் வாயில் கைவைத்து அமர்த்துவதற்கென்றே சிலர் உண்டு. அவர்களுக்கு அமர்த்திகள் என்று பெயர். முதல் ஆளிடம் தொடங்கிய தட்டு இமைப்பொழுதில் கடைசி ஆளிடம் போய்ச் சேரும். வெளியே அது பாட்டாகக் கேட்கும்.

நானூற்று ஒன்றாவதாக நின்றவள் வேம்பு. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள், அப்படியும் நம்பாதவள். தினமும் பக்கத்து அமர்த்தி சடையனிடம் கேட்பாள்.

“அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் முந்திட்டேனோ?”

“முந்தியிருந்தா என் கை உன் வாயில இருந்திருக்கும். போ தாயி, போய்ச் சாப்பிடு.”

நாட்டின் உச்சியில் மன்னர் முடிநாயகர் வீற்றிருந்தார். காலையில் அவர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார், பாட்டு பிறக்கும். உண்மையில் பாட்டு முதலில் தொடங்கும், விரல் பிறகுதான் எழும். இதைக் கவனித்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மூன்றாவது ஆள் வேம்பு. அவள் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள்.

அந்தப் பருவத்தில் எதிர்க்கிளையில் ஒரு பெண்குருவி வந்து அமர்ந்தது. பாட்டு பிடித்தால் கூடு, முட்டை, முட்டைக்குள் புதுத் தலைகள், புது நாடுகள். பிடிக்காவிட்டால் இந்தத் தலையோடு எல்லாம் முடிந்தது. மூன்று காலை கேட்டுப் பார்ப்பது பெண்குருவிகளின் வழக்கம்; நாலாவது காலை கிடையாது.

முதல் காலை, மன்னர் தெருவில் இறங்கி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வரவேற்புரையைத் தொடங்கினார். சடையன் பழக்கதோஷத்தில் அரச வாயைப் பொத்திவிட்டான்.

“ராசா, பாட்டு ஓடுது. செத்த நேரம் பேசாம இருங்க.”

பாட்டு குளறியது. மாலையில் ஒழுங்கமைச்சர் பேரொளியார் ஆணையை வாசித்தார்.

“நமது பொற்கால ஆட்சியில் எந்தக் குடிமகனின் வாயும் பொத்தப்படலாகாது. அமர்த்திகள் இன்றோடு கலைக்கப்படுகிறார்கள். நாளை முதல் முழுமையான குரல் சுதந்திரம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். வேம்பும் தட்டினாள். தட்டியிருக்கக்கூடாதோ என்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

இரண்டாம் காலை எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் கூவினார்கள், நிறுத்தாமல் கூவினார்கள். குருவிக்கு உடம்பு வெட்டி இழுத்தது. சிறகு விறைத்துக் கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. பெண்குருவி மிரண்டு பறந்தது.

பேரொளியார் விசாரணை நடத்தி முடிவை அறிவித்தார். “குற்றம் சுதந்திரத்தின் மீது இல்லை. மக்கள் தன்னிச்சையாக ஒருவரையொருவர் தட்டிக்கொள்வதே குழப்பத்தின் வேர். இனி ஒவ்வொருவரும் அரண்மனை ஆணை பெற்றே கூவலாம்.”

வேம்புவுக்குப் பின்னால் நிற்கும் இருளப்பன் கையை உயர்த்தினான். “ஐயா, ஆணை எங்ககிட்ட வந்து சேர எம்புட்டு நேரமாகும்?”

“பதினொரு அலுவலகங்கள்தாம்.”

“அதுக்குள்ள பாட்டு…”

“பாட்டு காத்திருக்கும்.”

அன்று மாலை ஒத்திகை நடந்தது. மூன்றாவது கூவலுக்கு ஆணை வருவதற்குள் குருவி தூங்கிவிட்டது.

வேம்பு நேரே சடையன் வீட்டுக்குப் போனாள். “அண்ணே, நாளைக்குத்தான் அவ கடைசியா வருவா.”

“என்னைத்தான் கலைச்சிட்டாங்களே தாயி.”

“வேடிக்கை பார்க்க வந்த மாதிரி நில்லுங்க. மத்த அமர்த்திங்களையும் கூட்டியாங்க. கை மட்டும் பழைய இடத்துல இருக்கட்டும்.”

மூன்றாம் காலை, சுதந்திரத்தின் இரண்டாம் நாள் விழா. அதிகாரிகள் அனைவரும் உச்சியில் மாலையோடு நின்றார்கள். தெருவில் கண்காணிக்க ஆளில்லை.

“ஆணை வரலியே வேம்பு,” என்றான் இருளப்பன்.

“வராது. தோள்ல தட்டு வந்தா என்ன பண்ணுவே?”

“கை தானா முன்னால போயிடும்.”

“அதை நீ பிடிச்சு வைக்காதே. வரிசையில மத்தவங்களுக்கும் இதையே சொல்லிவிடு. அது போதும்.”

தட்டு வந்தது. வேம்பு கூவினாள்; கூவி வாய் மூடுமுன் சடையனின் கை வந்துவிட்டது. எண்ணூறாவது ஆள் வரை பிசகில்லை. பெண்குருவி கிளை தாண்டி வந்து அருகில் அமர்ந்தது.

உச்சியில் பாட்டைக் கேட்ட மன்னரின் விரல் சட்டென எழுந்தது. அதிகாரிகள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

மறுவாரமே அந்த விரலுக்குக் கல்லில் சிலை எழுந்தது. தெருவின் நடுப்புள்ளியைப் பேரொளியாரே காலடியால் அளந்தார். அது இருளப்பனுக்கும் வேம்புவுக்கும் சரியாக இடையில் வந்தது. சிலைக்குக் காவல் வேலை சடையனுக்குக் கிடைத்தது. இருளப்பன் சிலையைச் சுற்றிக் கையை நீட்டுவான், அது எட்டாது. சடையன் அந்தத் தட்டைத் தன் கையில் வாங்கி வேம்புவின் தோளில் சேர்ப்பான். அதே வேகத்தில் அமர்த்தவும் செய்வான். பாட்டு நிற்கவில்லை.

பேரொளியார் ஆய்வறிக்கை அளித்தார். “சிலை நிறுவிய நாள்முதல் பாட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கும் இடையில் ஒவ்வொரு கல்விரல் நிறுவப்படும்.”

வெளியே பெண்குருவி இரண்டாவது சுள்ளியைக் கொண்டுவந்து வைத்தது. உள்ளே கல்தச்சர்கள் கயிற்றோடு வந்து, வேம்புவுக்கும் அவளுக்கு முன்னால் நிற்பவளுக்கும் இடையே அளந்தார்கள்.

“அண்ணே, உங்களுக்கு எத்தனை கை?”

“ரெண்டுதான் தாயி.”

கல்தச்சர்களைப் பார்த்துத் தெரு முழுவதும் கைதட்டியது. இந்த முறை வேம்பு தட்டவில்லை. கையை நீட்டி, முன்னால் நிற்பவளின் தோள் எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.