வெந்நீர்க் குழாயின் கனம் குறித்து மாப்பிள்ளைக்கு

அருப்புக்கோட்டை
24-11-1971

பரோடாவில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியராக இருக்கும் என் மரியாதைக்குரிய மாப்பிள்ளை இன்பராஜ் அவர்களுக்கு, மாமனார் தனுஷ்கோடி எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை சரஸ்வதியும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் கஸ்தூரியும் சுகம். அங்கே தாங்களும், அந்த ஊர்ச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட தங்கள் வயிறும் சுகமாக இருக்கத் திருச்சுழித் திருமேனிநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

நம் சாயப்பட்டறைக்குத் தாங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த எவர்சில்வர் குழாய் மிக நன்றாக இருக்கிறது. கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். தங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு விவரத்துக்கு வருகிறேன்.

ஆடிக்கு வந்தபோது தாங்களே பார்த்தீர்கள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து சாயத்தொட்டிக்கு வரும் இரும்புக் குழாய் துருப்பிடித்து, மஞ்சள் நூலெல்லாம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. “எவர்சில்வர் போடுங்க மாமா, துருவே பிடிக்காது” என்றீர்கள். என்ன கனத்தில் போடுவது என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தீர்கள். நூறு மைல் ஓடும் எண்ணெய்க் குழாய்க்கு எழுதிய விதிகளை நம் இருபதடிக் குழாய்க்குப் போட்டுப் பார்த்ததில், தண்ணீரின் அழுத்தத்துக்குத் தலைமுடியில் கால்வாசி கனம் போதும் என்று விடை வந்தது. தாங்களே அதை இன்னொரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, “எதுக்கும் ஒரு மில்லிமீட்டரா இருக்கட்டும் மாமா” என்றீர்கள். அவ்வளவு தாராளம் காட்டியவரை யாராவது குறை சொல்வார்களா? என் மைத்துனர் ரத்தினம் சொல்கிறார். அடுத்த தெருவில் அவரும் பட்டறை வைத்திருக்கிறார். கஸ்தூரியைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க நினைத்து ஏமாந்தவர், அந்தக் கோபம் இப்போது குழாய் மேல் இறங்குகிறது.

பந்தல்குடி ஜான்ராஜ் தகட்டை உருட்டிப் பற்றவைத்து, இரண்டு தூணுக்கு நடுவே குழாயை ஏற்றிய அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. உங்கள் அத்தை அதற்குப் பொட்டு வைத்துவிட்டு, “இதுல ரெண்டு குடமும் ஒரு தூக்குச்சட்டியும் செஞ்சிருக்கலாம்” என்று பெருமூச்சு விட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. அப்புறம்தான் மழை வந்தது. மழையைக் குறை சொல்ல நம் ஊர்க்காரனுக்கு வாய் வருமா, அதனால் சொல்லவில்லை, ஆனால் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பொங்கல் சேலைக்கு நெசவாளர்களுக்குத் தரவேண்டிய நூல் ஈரத்தோடு கிடக்கிறது, காயப்போட இடமில்லை. மேஸ்திரி செல்லப்பாண்டி ஒரு கட்டு நூலைச் சூடான குழாய் மேல் போட்டுப் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. இரும்பாக இருந்தவரை துருக்கறை படும் என்று அந்தக் குழாய்ப் பக்கமே யாரும் நூலைக் கொண்டுபோனதில்லை. எவர்சில்வரில் கறை ஏது? ஒரு கட்டு நாலாச்சு, நாலு நாற்பதாச்சு. நானும் கொஞ்சம் போட்டேன், பொய் சொல்வானேன். திடீரென்று செல்லப்பாண்டி, “மொதலாளி, குழாய் சிரிக்குது” என்றான். “என்னலே உளறுற?” என்று நிமிர்ந்தால், நடுவில் தொய்ந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. நாற்பது கட்டும் வழுக்கி நடுவுக்கு வந்து, கீழே இருந்த நீலச் சாயத்தொட்டியில் நனைந்துவிட்டன. மஞ்சள் பச்சையாகிவிட்டது. பச்சை நல்ல பச்சைதான், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. குழாய்க்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருக்கிறோம், வெந்நீர் வருகிறது.

செய்தி கேட்டு ரத்தினம் குடையோடு வந்தார். “பூமிக்குள்ள புதைக்கிற குழாய்க்கு எழுதுன புத்தகமாம்! அங்கன மண்ணு தாங்கிக்கிடும். இங்கன அந்தரத்துல தொங்குறத எவன் தாங்குவான்? பழைய இரும்பே போடுங்க மச்சான், வெள்ளிக்கெழம ஆள் கூட்டியாறேன்” என்றார். கஸ்தூரி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், “ஈர நூலத் தொங்கவிடுவோம்னு அவுககிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா அப்பா?” என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி அழுததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் நூலை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், ரத்தினத்தின் வாயையும் அடைக்க வேண்டும். எனவே வெள்ளிக்கிழமை இரும்புக் குழாய் ஏறுகிறது, எவர்சில்வர் பாத்திரக் கடைக்குப் போகிறது. தாங்கள் இதற்காக லீவு போட்டு வரவேண்டாம். இன்னொரு கணக்கும் அனுப்ப வேண்டாம். தங்கள் மேல் நான் வைத்திருக்கும் மதிப்பு எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வளையாது.

பெரிய பெரிய குழாய்களாகப் பூமிக்குள் புதைத்து, பேரும் புகழுமாக நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
அன்பு மாமன்
தனுஷ்கோடி

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். இன்றும் நல்ல மழை. முட்டுக் கொடுத்த குழாயில் இருபது கட்டு ஊதா நூல் தொங்குகிறது. நம் நூல் இல்லை. ரத்தினம் பக்கத்தில் நின்று புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். “வெள்ளிக்கெழம ஆள் வருமா?” என்று கேட்டேன். “என்ன அவசரம் மச்சான்? மாப்பிள்ளைக்கு எழுதுங்க. இன்னும் கொஞ்சம் கனமா, நடுவுல ரெண்டு தூணும் வச்சு அவுகளே கணக்குப் போடட்டும். அப்படியே எனக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க” என்றார். ஆகையால் மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டாம். உடனே லீவு போட்டு வரவும். தராசு இங்கே இருக்கிறது, ஈர நூலை நிறுத்துவிட்டே கணக்குப் போடலாம். புத்தகத்தையும் கொண்டுவரவும், ரத்தினம் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.