கிரெமோனாவுக்கு வாய்ப்பூட்டு

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போய், கடைசியில் இத்தாலியில் கொண்டுபோய் இறக்கிவிடக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கிரெமோனா அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. டூர் கைடு லைசென்ஸ் அட்டையில் அச்சாகி அது கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் பேச ஆரம்பித்துவிட்டால் அதைப் படிக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. அதனால் எல்லோருக்கும் அவர் கிரெமோனா அண்ணன்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் டூர் கம்பெனி இருந்தது. முதலாளி, மேனேஜர், கணக்குப்பிள்ளை எல்லாமே மல்லிகா அக்கா. போனை எடுப்பதும் புக்கிங் போடுவதும் நான். வெயிலில் நடந்து ஊரைக் காட்டுவது அண்ணன்.

கிரெமோனா என்பது இத்தாலியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். சில நூறு வருடங்களாக வயலின் செய்கிற ஊர். உலகத்தில் உசத்தி என்று சொல்லப்படும் பழைய வயலின்களில் பாதிக்கு மேல் அங்கே ஏதோ ஒரு சந்தில், ஏதோ ஒரு குடும்பம் மரத்தைச் செதுக்கிச் செய்ததுதான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அண்ணனுக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. இத்தாலிக்குப் போனதும் இல்லை. திருச்சிக்கு ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் கல்யாணம் பண்ணிக்கொள்ள. மற்றபடி அவருடைய வெளிநாட்டுப் பயணமெல்லாம் உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வருவதுதான். பின்னே எங்கிருந்து வந்தது இந்தப் பித்து? மகளைச் சமூக மன்றத்தில் வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். எதிர்ச்சுவரில் ஒரே ஒரு போஸ்டர், அதில் கிரெமோனாவின் சரித்திரம். வாரா வாரம் அதையே படித்தார். மகள் கொஞ்ச நாளிலேயே வயலினை வைத்துவிட்டு பேட்மின்டனுக்குப் போய்விட்டாள். அப்பாவால் அந்த ஊரை விட்டு வர முடியவில்லை. போஸ்டரை முடித்து நூலகத்துக்குப் போனார், அங்கிருந்து யூடியூபுக்குப் போனார், அப்புறம் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

லிட்டில் இந்தியாவில் எந்த இடத்தில் நின்றாலும் அவருக்குக் கிரெமோனாவுக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. மசாலாக் கடை முன்னால் நின்றால், "ஒவ்வொரு வீட்டு மசாலாவும் ஒரு ரகசியம். அதே மாதிரிதான் கிரெமோனாவுல வயலினுக்குப் பூசுற வார்னிஷும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடச் சொல்ல மாட்டான்" என்பார். பஃபலோ ரோட்டுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். "அந்தக் காலத்துல இங்க எருமை மாடு கட்டியிருந்தாங்க. மாட்டுத்தோலைக் காய்ச்சினா பசை வரும். அந்தப் பசையிலதான் வயலினை ஒட்டுறாங்க. எங்கன்னு கேக்கறீங்களா?" யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இத்தாலி போய்ச் சேருவார்கள்.

டூர் இங்கிலீஷில்தான் நடக்கும். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன். ஆனால் எந்த மொழியானாலும் கொள்ளைநோய்க் கதை வரும்போது அவர் குரல் தழுதழுத்துவிடும். ஒரு காலத்தில் அந்த ஊரில் கொள்ளைநோய் வந்து வயலின் செய்கிறவர்களை வாரிக்கொண்டு போக, ஒரே ஒருவர்தான் மிஞ்சினாராம். அவருக்கு முன்னால் அப்பன் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த தொழில். அவரோ வேறு வீட்டுப் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் வயலின் பிழைத்தது. இதை ஒரு தடவை தேக்கா மார்க்கெட்டில் மீன்கடைக்கு எதிரே நின்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவரைக் கட்டிப்பிடித்து, "உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபங்கள். எப்போது நடந்தது?" என்று கேட்டார். "ஆச்சுங்க, ஒரு நானூறு வருஷம் இருக்கும்" என்றார் அண்ணன். மீன்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரெமோனாவில் பழைய வயலின்களின் ஓசையைப் பதிவு செய்வதற்காக, பதிவு நடந்த அரங்கைச் சுற்றியிருந்த ஜனங்களையெல்லாம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்களாம். தெருவில் கார் போகவில்லை, குதிகால் செருப்புகூடச் சத்தமிடக் கூடாது. இதைப் படித்ததிலிருந்து அண்ணனுக்கு ஓர் ஆசை, சிராங்கூன் ரோட்டையும் ஐந்து நிமிடம் அப்படிப் பார்க்க வேண்டும் என்று. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்! கிராஞ்சி, துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் அத்தனை பேரும் வந்து இறங்கியிருக்கும் நேரம். ஆளுக்கொரு போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒருவரிடம் போய், "தம்பி, அஞ்சே நிமிஷம் மெதுவாப் பேசுப்பா" என்றார். "மெதுவாப் பேசினா புதுக்கோட்டைக்கு எப்படிண்ணே கேக்கும்?" என்றார் அந்தத் தம்பி. அண்ணன் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு திரும்பிவிட்டார்.

இத்தனையையும் சிரித்துக்கொண்டே பொறுத்த மல்லிகா அக்கா, இணையத்தில் வந்த ரிவியூக்களைப் பார்த்துத்தான் பத்ரகாளியானார். 'லிட்டில் இந்தியாவைப் பார்க்க வந்தோம். கோயில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனால் கிரெமோனாவில் இப்போது எங்களால் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியும்' என்று ஒருவர் எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். புக்கிங் குறைய ஆரம்பித்தது.

"அண்ணே, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. இன்னொரு தடவை அந்த ஊர் பேரு உங்க வாயில வந்துச்சு, அன்னிக்கே கணக்கை முடிச்சிடுவேன். சீரியஸா சொல்றேன் லா."

"எந்த ஊர் மல்லிகா?"

"அண்ணே!"

"சரி, சரி. சொல்லலை."

விளையாட்டில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. முன்பு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து, பேச ஆளில்லாமல் இரும்புச் சாமான்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் நாலு பேர் நின்று அவர் பேச்சைக் கேட்கும் வேலையாக இருக்காது. அந்தப் பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மேஜையில் இருந்த கிரெமோனா படத்தைக் குப்புறப் போட்டார்.

அதற்குப் பிறகு, கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்களைப்போல ஆகிவிட்டார் மனிதர். பேச்சுவாக்கில் அந்த ஊர் வந்துவிட்டால் "அது" என்பார், "அங்கே" என்பார், வயலின் பிடிப்பதுபோல இடது தோளில் கையை வைத்துக் காட்டுவார். ஒரு தடவை வெட்கப்படக்கூடச் செய்தார்.

அந்த நிலைமையில்தான் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்கள் கைடைப் பற்றிக் கேள்விப்பட்டு, இவர்தான் வேண்டும் என்று புக்கிங் போட்டிருந்தவர்கள். மல்லிகா அக்காவுக்குச் சந்தேகம். "நானும் பின்னாடியே வர்றேன். நீயும் தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அண்ணன் மாதிரி லிட்டில் இந்தியாவை யாரும் விளக்கியிருக்க முடியாது. பூக்கடையில் பூவைப் பற்றிச் சொன்னார். மசாலாக் கடையில் மசாலாவைப் பற்றிச் சொன்னார். அந்தத் தெருவில் வருடக்கணக்கில் வேலை பார்த்த நான், அங்கே ஒரு கோயில் இருக்கும் விஷயத்தை அவர் வாயால் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மல்லிகா அக்கா என் தோளைத் தட்டி, "பார்த்தியா, ஆளு திருந்திட்டாரு" என்றார். ஆனால் வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும், "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஃபலோ ரோட்டில், "இங்கே எருமை மாடு..." என்று ஆரம்பித்த அண்ணன் சட்டென்று நின்றார். எருமை வந்துவிட்டது, தோல் வந்துவிட்டது, பசை தொண்டைவரை வந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. "எருமை மாடு நல்ல மாடு" என்று முடித்துவிட்டு வேகமாக நடந்தார்.

அடுத்து ஒரு வாத்தியக் கடை. உள்ளே ஒரு பாட்டு டீச்சர் தரையில் பாய் போட்டுச் சம்மணமிட்டு, வயலினை நெஞ்சுக்கும் வலது கணுக்காலுக்கும் நடுவே நிறுத்தி வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் கச்சேரிகளில் அப்படித்தானே வாசிப்பார்கள். ஆனால் அந்த வெள்ளைக்காரப் பெண் "காலிலா!" என்று அலறி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயலினின் தலை எப்படிக் காலில் நிற்கிறது என்று குனிந்து, சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அண்ணனிடம் கேட்டார்.

"நான் வயலின் செய்கிறவள். இந்த வாத்தியம் எந்த ஊரிலிருந்து புறப்பட்டது, உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் மல்லிகா அக்காவைப் பார்த்தார். அக்கா விரலை ஆட்டினார். அண்ணன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், இடது தோளில் கையை வைத்தார்.

"ஏதோ ஒரு ஊருங்க."

"எங்கள் ஊர்தான். நாங்கள் கிரெமோனாவிலிருந்து வருகிறோம்."

அண்ணன் ஒரு மிருதங்கத்தின் மேல் உட்காரப் போனார். கடைக்காரர் பாய்ந்து வந்து ஸ்டூலைப் போட்டார். நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, கண் கலங்க, "நல்ல ஊருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. போனை எடுத்து மல்லிகா அக்காவிடம் நீட்டினார். அதே ஒற்றை நட்சத்திர ரிவியூ! "சிங்கப்பூரில் ஒருவர் எங்கள் ஊர்க் கதையைத் தெருத் தெருவாகச் சொல்கிறார் என்று படித்துத்தான் வந்தோம். இவர் எருமை நல்ல மாடு என்கிறார். ஆளை மாற்றிவிட்டீர்களா? இதை நான் எழுதத்தான் போகிறேன்" என்றார்.

அக்காவுக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, சொல்லுங்கண்ணே."

"எதை?"

"அதைத்தான்."

"மாட்டேன் மல்லிகா. வாக்குக் குடுத்துட்டேன். வேலை போயிடும்."

"வேலையெல்லாம் போகாது லா! நான்தானே முதலாளி, நான் சொல்றேன்!"

"நீங்க முதல்ல சொல்லுங்க. அப்ப நம்பறேன்."

மல்லிகா அக்கா கடையில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "கிரெமோனா!" என்று கத்தினார். வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் வில்லை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? எருமை, தோல், பசை, வார்னிஷ், கொள்ளைநோய் எல்லாம் அடைமழையாகக் கொட்டியது. வாத்தியக் கடையில் தொடங்கியது தேக்கா சாப்பாட்டுக் கடைவரை வந்து, பிரியாணித் தட்டுக்கு முன்னாலும் தொடர்ந்தது. கிரெமோனாவின் மணிக்கூண்டு ஆற்றங்கரையில் நிற்கிறது என்று அண்ணன் சொன்னபோது, அந்தப் பெண் மெதுவாக, "இல்லை, ஆறு ஊருக்கு வெளியே ஓடுகிறது" என்றார். அண்ணன் விட்டாரா?

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீங்கம்மா."

"நான் அங்கேதான் பிறந்தேன்!"

"பிறந்திருப்பீங்க. எல்லாத் தெருவுக்கும் போக முடியுமா?"

அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். ஆனால் கொள்ளைநோய்க் கதைக்கு அவரும் அழுதார். "இதைச் சின்ன வயதில் எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் இதற்கு அழுததில்லை" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது கணவன், மனைவி இருவருமாக, கட்டாயம் எங்கள் ஊருக்கு வர வேண்டும், எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மல்லிகா அக்காவும் மனசு இளகிப்போயிருந்தார். "போயிட்டு வாங்கண்ணே. எத்தனை நாள் வேணும்னாலும் லீவு தர்றேன்."

அண்ணன் பிரியாணித் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"வேணாம் மல்லிகா. அங்க போனா நான் டூரிஸ்ட்டு. இங்கதான் நான் அந்த ஊர்க்காரன்."

அக்கா எழுந்து கை கழுவப் போனார். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க ஊர்ல இப்ப மழையாண்ணே?" என்று கேட்டேன்.