முப்பதுக்கு இருபத்தாறு

டுரியான் கடையில் வேலை பார்ப்பவன் எந்த ‘ஏ’யையும் சுலபத்தில் நம்பமாட்டான். ஜார்ஜ் டவுனில் ரோட்டோரமாக எங்கள் முதலாளி கடை போட்டிருக்கிறார். பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து பழம் இறங்கியதும் ஏ, பி, சி என்று பிரித்துக் கூடையில் போடுவது என் வேலை. சுற்றுலா பஸ் வந்து நின்றதும் முதலாளி கண்ணைக் காட்டுவார். பாதி ‘பி’ கூடை ‘ஏ’ ஆகிவிடும். (நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் வேண்டும்.)

அதனால்தான், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் என் தங்கச்சி ஷாமினி கணக்குச் சோதனைத் தாளை நீட்டியபோது எனக்கு மூக்கில் வியர்த்தது. சிவப்பு மையில் 26. பக்கத்தில் 87%. அதற்கும் பக்கத்தில் பெரிதாக ஒரு A.

“இருபத்தாறு எப்படி எண்பத்தேழு ஆச்சு?”

“முப்பதுக்கு இருபத்தாறுண்ணே. பெர்சென்ட்ல எண்பத்தேழு.”

“யாரு போட்டது?”

“டீச்சர்தான்லா.”

“ஓ... டீச்சரு.”

நான் படிவம் இரண்டோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன். சதவீதம் சொல்லிக்கொடுத்த அன்று எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தச் சோதனை அம்மாவின் கருமாதி முடிந்த வாரம் நடந்தது என்பது மட்டும் தெரியும். அழுதழுது முகம் வீங்கிப்போன பிள்ளை எப்படி ‘ஏ’ வாங்கும்? டீச்சர் பாவம் பார்த்திருக்கிறார். அப்போது எல்லாரும் எங்களைப் பாவம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் கேட்காமலே ஒரு முட்டை கூடுதலாக வைப்பார்கள். அந்த முட்டையை நான் தட்டோரம் ஒதுக்கிவிடுவேன்.

ஷாமினி வாங்கும் மார்க்காவது அவளுடையதாக இருக்கட்டும், அதில் யாரும் அம்மாவைக் கலக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

பெற்றோர் சந்திப்புக்கு வழக்கமாக அம்மாதான் போவார். அப்பா லோரியோடு ஈப்போவில் இருந்ததால் ஷாமினியைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். (டுரியான் வாடை.)

டீச்சர் முன்னால் உட்காரக்கூட இல்லை. “டீச்சர், எங்கம்மா செத்துட்டாங்கன்னு மார்க்க ஏத்திப் போட வேணாம். எவ்வளவோ அவ்வளவே போடுங்க.”

ஷாமினி என்னைத் தெரியாதவள் மாதிரி கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தாள்.

“ஏத்தலை தம்பி. எண்ணிப் பாருங்க, நாலுதான் தப்பு.”

எண்ணினேன். நாலுதான். புத்தியுள்ளவன் அத்தோடு திரும்பிப் போயிருப்பான்.

“நாலுதான் தப்புன்னா தொண்ணூத்தாறுல்ல வரணும்? மிச்சம் ஒம்போது எங்க டீச்சர் போச்சு?”

பின்னாலிருந்த ஒரு அங்கிள், “டேய் தம்பி, இப்ப மார்க்கு கூடங்குறியா, கொறச்சலுங்குறியா?” என்றார்.

“ரெண்டும்தான் அங்கிள்! எங்கயோ உள்குத்து இருக்கு.”

ஷாமினிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அண்ணே! முப்பது பழம் எறங்குது, நாலு புழு. அதே ரகம் நூறு எறங்குனா நாலேதான் புழுவா இருக்குமா?”

“அதெப்படி? பதிமூணாவது இருக்கும்லா.”

“நூறுல பதிமூணு போனா?”

விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். அங்கிள்தான் எனக்காக, “எண்பத்தேழு” என்று சத்தமாகச் சொன்னார்.

டீச்சர் சிரிக்கவில்லை. “உங்கம்மாவுக்காகப் போடுறதா இருந்தா நூறே போட்டிருப்பேன் தம்பி. இந்தப் புள்ள அழுது ஒரு தாள நனைச்சிட்டு, வேற தாள் கேட்டு வாங்கி எழுதுச்சு. இது அதோட மார்க்கு.”

நான் தலையாட்டினேன். ஷாமினி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். (வீட்டுக்கு வந்து ஒளிந்து நின்று இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். நாலுதான்.)

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு எது கிடைத்தாலும், “இது நெசமா, பாவம் பாத்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். அப்பாவுக்குச் சம்பளம் கூடியபோதுகூடக் கேட்டோம். அவர் முறைத்தார்.

போன மாதம் அம்மாவின் பிறந்த நாளுக்கு, அவர் வைக்கும் மீன் குழம்பை நானே வைத்தேன். அப்பா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஷாமினி மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

“எவ்வளவு?” என்றேன்.

“முப்பதுக்கு முப்பது.”

“நெசமா, பாவம் பாத்ததா?”

“பாவம் பாத்ததுதாண்ணே. பேசாம சாப்புடு.”