அரசு வெயில்

உலகத்துக்கு வெயிலைக் கொடுப்பது சூரியன்தான் என்று இன்னமும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். கொல்லிமலையைப் பொறுத்தவரை 2005-ஆம் ஆண்டிலிருந்து வெயில் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 'மாபெரும் சூரிய மின் பண்ணை நீடித்த வளர்ச்சித் திட்டத் தனி அலுவலகம்' என்று எங்களுக்குப் பெயர். செம்மேட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறோம். பெயர்ப் பலகை நீளம் அதிகம் என்பதால் மாடிப்படியைப் பாதி மறைக்கும். பொதுமக்கள் குனிந்துதான் உள்ளே வர முடியும். எங்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

நான் அங்கே இளநிலை உதவியாளர். சேந்தமங்கலத்துக்காரன். மலைக்கு மாற்றல் என்றதும் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அப்படிப்பட்ட நான்தான் இன்று வெயிலுக்குக் கோப்பு எண் போட்டவன்.

எங்கள் திட்ட அலுவலர் கோகுல்நாத் சார் சென்னையிலிருந்து வந்தவர். வந்த வாரமே, மாசி மாதத்தில், பண்ணைக்கு இடம் தேடி தேவனூர் நாட்டுக்கு ஜீப்பில் போனோம். மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வெயிலை அளக்கும் கருவியும் கூட வந்தது. அதற்குப் பேட்டரிதான் வரவில்லை. அதனால் 'மக்கள் பங்கேற்பு முறை'யைக் கையாள்வதென்று சார் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

எட்டு ஏக்கர் இருக்கும் ஒரு பெரிய பாறை. அதன் மேல் மாராயி என்ற பெண் மிளகைக் கொட்டிக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். சார் பாறையில் கால் வைத்ததும் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஏனுங்க சார், செருப்பக் கழட்டிப்போட்டு ஏறுங்க. களமுங்க இது!"

சார் ஷூவைக் கழற்றினார். நாலடி நடப்பதற்குள் உள்ளங்கால் பொசுங்கி மூன்று முறை துள்ளினார். அந்தத் துள்ளலையே 'வெயில் அளவு: மிக நன்று' என்று குறித்துக்கொண்டேன்.

"இங்கதான் வெயில் நல்லா அடிக்குமாம்மா?"

"ஆமாங்க. ஊட்டு வாசல்ல போட்டா பலாமர நெழலுங்க, எட்டு நாளானாலும் மொளகு காயாது. இங்க மூணே நாளுங்க. இந்த நாட்டுக்கே இதாஞ் சாமி களம்."

"பாறையில என்ன விளையுது?"

மாராயி சிரித்துவிட்டாள். "பாறையில என்னங்க வெளையும்? ஒண்ணும் வெளையாதுங்க."

அவ்வளவுதான். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் அறிக்கையில் சேர்த்தோம். 'ஒன்றும் விளையாத, பயன்பாடற்ற நிலம். வெயில் மிகுந்த இடம் இதுவே என உள்ளூர்ப் பெண்மணியே முன்வந்து பரிந்துரைத்தார்.' அன்று வாய் திறந்தது ஒன்றுதான் மாராயி செய்த தப்பு. அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று மலையில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்து கருத்துக் கேட்புக் கூட்டம். செம்மேட்டில் பந்தல் போட்டு, டீயும் வடையும் கொடுத்து, 'நீடித்த வளர்ச்சி' பற்றி சார் ஒன்றரை மணி நேரம் நீடித்துப் பேசினார். முடித்ததும் மாராயி எழுந்து நின்றாள்.

"களத்த எடுத்துக்கிட்டா மொளக எங்கீங்க காயப்போடறது?"

"அதுக்குத்தாம்மா மின்சார உலர்த்தி வரப்போகுது!"

"எப்பங்க?"

"மின்சாரம் வந்ததும்."

"அது எப்பங்க வரும்?"

"பண்ணை வந்ததும்."

"பண்ணைக்குத்தானுங்க களத்த எடுக்கறீங்க?"

"பாருங்க, அம்மாவுக்கே புரிஞ்சிடுச்சு!" என்றார் சார். எல்லோரும் கை தட்டினோம்.

"வருசத்துல மூணு நாள் வெயிலு மட்டும் உட்டுக் குடுங்க சாமி. எம்பொண்ணு கௌசிகா ராசிபுரத்துல நர்சுக்குப் படிக்கறா. இந்த மொளக வித்துத்தானுங்க அவ படிப்பு."

'பெண்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுத் திட்டத்தை வரவேற்றனர்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லாரி குலுங்கி ஏறியதில் உடையாமல் தப்பிய பேனல்களை அடுத்த மாசிக்குள் பாறை முழுக்கப் பதித்துவிட்டோம். சுற்றிலும் கம்பி வேலி. முன்னால் ஒரு கேட். கேட்டுக்குப் பூட்டு வாங்குவது பற்றிய கோப்பு பரிசீலனையில் இருந்தது. மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பியும் அது போக வேண்டிய கம்பங்களும் கூடப் பரிசீலனையில்தான் இருந்தன. ஆகவே பேனல்கள் நாள் முழுக்க வெயிலை வாங்கி, யாருக்கும் கொடுக்காமல், சாயங்காலம் வரை அப்படியே வைத்திருந்தன. அரசாங்கப் பொறுப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அந்த வருடம் மாராயியின் மிளகு பலாமரத்தடியிலேயே கிடந்து பூசணம் பூத்தது. சந்தையில் வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு மூட்டையைத் திருப்பித் தள்ளிவிட்டானாம். கௌசிகா படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்துவிட்டாள். ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகவும், அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்றும் நர்சிங் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் எங்கள் அறிக்கைப் படிவத்தில் கட்டம் இல்லாத விஷயங்கள்.

2007 மாசி. ஆய்வுக்காகப் பண்ணைக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு, ஒழுங்காக ஓரமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"உள்ள யாரோ இருக்காங்க!" என்று சார் பாய்ந்தார்.

மாராயிதான். நாலைந்து பேனல்களின் மேல் பழைய சேலையை விரித்து, மிளகு உருண்டு விழாதபடி கீழ் ஓரத்தைச் சுருட்டிக் கட்டி, வெறுங்காலோடு நின்று கிளறிக்கொண்டிருந்தாள். வேலி தாண்டுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். களத்துக்குள் நுழைகிறவள் வெளியே கழற்றிப் போடாமல் என்ன செய்வாள்? அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, நீங்க செஞ்சிருக்கறது என்னன்னு தெரியுமா? இது அரசு வெயில்!"

"பலகை உங்களதுங்க சார், இல்லேன்னு சொல்லலீங்க. வெயிலு..."

"பேனல் மேல விழற வெயில் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது!"

மாராயிக்குத் தன் மேல் உள்ள குற்றம் என்னவென்று விளங்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே குற்றத்துக்குப் பதில் சொன்னாள். "செருப்பக் கழட்டிப்போட்டுத்தானுங்க வந்தேன்."

'திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட சூரிய ஒளியை முன் அனுமதியின்றி மூன்று நாட்கள் தன் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது' என்று புகார் தயாரித்தேன். சாட்சிக் கையெழுத்தும் நானே. இரண்டு மூட்டை மிளகைச் 'சான்றுப் பொருளாக' ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

அருமையான மிளகு. கறுகறுவென்று, கையில் அள்ளினால் கலகலக்கும். சான்றை நேரில் பரிசோதிக்க மேலதிகாரிகள் அடிக்கடி மலையேறி வந்தார்கள். பரிசோதனை முடிந்து இறங்கும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம். கோகுல்நாத் சார் சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை. நான் சிறியவன், சிறிய அளவில்தான் எடுத்தேன். எங்கள் வீட்டு வெண்பொங்கலை நாலு தெரு மெச்சியது.

பங்குனியில் ஆண்டறிக்கை கேட்டுத் தலைமையகம் கடிதம் எழுதியது. 'பண்ணையின் உற்பத்தி' என்ற கட்டத்தைப் பார்த்து சார் வியர்த்துப் போனார். நான்தான் வழி சொன்னேன். 'சூரிய சக்தியால் பதப்படுத்தப்பட்ட மிளகு: இரண்டு மூட்டை. பயனாளி: மலைவாழ் பெண்.' நீடித்த வளர்ச்சிக்கான கேடயம் அந்த வருடம் எங்களுக்குத்தான்.

நானும் சாரும் கேடயத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தபோது மாராயி குனிந்து படியேறி வந்தாள். செருப்பை வாசலில் கழற்றினாள்.

"போட்டுக்கிட்டே வாங்கக்கா, இது ஆபீஸ்தானே" என்றேன்.

"உள்ள மொளகு இருக்குதுல்லங்க" என்றாள். "நாளைக்குள்ள போனாத்தான் கௌசிகாவச் சேத்துக்குவாங்களாம். மூட்டையக் குடுத்துட்டீங்கன்னா வித்துப்போட்டு இப்பவே பஸ்சு ஏத்தி உட்ருவேன்."

நான் மூலையைக் காட்டினேன். இரண்டு சாக்குகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து உதறினாள். ஏழெட்டு மிளகு தரையில் உருண்டது. அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கேடயத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாராயி வாசலுக்குப் போனாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், திரும்ப உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நேர் எதிரே நின்றாள்.

"செருப்போட அரசு அலுவலகத்துக்குள்ளேயா! இதுக்கும் ஒரு புகார் எழுதுய்யா!" என்று கத்தினார் சார்.

அன்றிலிருந்து சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். திருடர்கள் இருக்கும் இடத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எதிலும் போடவில்லை.