இல்லாத பெண்மணிக்காக நான் போட்ட கூச்சலும் உன் ஸ்கேனும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு மாப்பிள்ளை நலமாக இருப்பார். மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருப்பதால், உன்னை நலமா என்று கேட்கவே கை கூசுகிறது.

நிற்க. வியாழக்கிழமை அந்த ஸ்கேனுக்கு நீ போக வேண்டாம். காரணத்தைக் கேட்டால் துள்ளிக் குதிப்பாய். திங்கட்கிழமை என் பெண் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள், கொடுக்கலாம் என்று அவளுடைய ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். நாற்காலியில் ஆளில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் 'இருநூற்றுப் பதினான்காம் பெண்மணி, மார்பகக் கட்டி ஆறு மில்லிமீட்டர், கண்டுபிடிக்கப்படவில்லை' என்று இருந்தது. கட்டி இருப்பது தெரிந்தே விட்டிருக்கிறார்களே பாவிகள் என்று வரவேற்பு மேஜைக்கு ஓடி, அந்த அம்மா வீட்டுக்கு உடனே சொல்லி அனுப்புங்கள் என்று கத்தினேன், காவலாளி வந்தார், பத்துப் பேர் கூடிவிட்டார்கள், என் பெண் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறந்தான் தெரிஞ்சுது, அப்படி ஒரு பெண்மணியே கிடையாதாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆயிரம் பேருக்கு மார்பகம் செஞ்சு, இவங்களே கட்டியை ஒளிச்சு வெச்சு, எம்.ஆர்.ஐ. எடுத்த மாதிரியே படம் உண்டாக்கி, எந்த முறையில எத்தனை கட்டி தெரியுதுன்னு பாக்கறாங்க. நிஜ மனுஷிக்குள்ள எங்கே என்ன இருக்குன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும், இங்கே விடை கையிலேயே இருக்கே. என்ன மூளை பாரு இவங்களுக்கு.

நாற்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தின கண்ணாச்சே, சும்மா இருக்குமா? எனக்கும் காட்டுன்னு பிடிவாதம் பிடிச்சேன். இப்போ ஆஸ்பத்திரியில எடுக்கற பழைய முறைப் படம் பத்துல ஒண்ணுகூடப் புலப்படலை, ஒரே புகைமூட்டம். புது முறையில பத்துக்கு ஏழு கண்டுபிடிச்சேன். சந்தோஷத்துல சிவப்புப் பேனாவை எடுத்துத் திரை மேலேயே சுழிச்சுட்டேன், அவளோட மேலதிகாரி அரைமணி நேரம் துடைச்சார், பாவம் நல்ல மனுஷர். புது முறை ஆஸ்பத்திரிக்கு வர ரெண்டு வருஷம் ஆகுமாம். ரெண்டு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ. வந்ததும் முதல் ஆளா உன்னை நானே கூட்டிட்டுப் போறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். நீ நூறு வயது இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது என் பெண் வாங்கிப் படித்துவிட்டாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பழைய முறையில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தினமும் அதையே பார்க்கிற டாக்டருக்கும் தெரியாதா என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கம்ப்யூட்டர்ல இருக்கற கட்டி ரெண்டு வருஷம் கழிச்சும் வெச்ச அளவுலயே இருக்கும்ப்பா. அத்தையோடது இருக்குமா?" என்றாள். உடனே பேனாவை எடுத்துட்டேன் தங்கச்சி. மேலே எழுதியதை முழுக்க அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவந்து கொடுத்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை. படித்தது போதும், செருப்பைப் போடு, வண்டி வாசலில் நிற்கிறது.